7. முழங்கை வரை ஈரம்

'சிவப்பு இல்லாத நாட்கள்: 214.'

மில் கேட்டுக்கு மேலே இருந்த போர்டில் பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் மில் அது. கத்திரி வெயில். ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது.

பென்னி போர்டை அண்ணாந்து பார்த்து விரல் விட்டு எண்ணினான்.

"அக்கா, குணா செத்து இன்னியோட ஒம்போது நாளு. செத்த அன்னிக்கும் இந்த நம்பரு ஏறிக்கினுதான் இருந்திருக்கு."

"அவன் வாட்ச்சு கடைசி வரைக்கும் பச்சைதானே காட்டிச்சு. அப்ப போர்டும் பச்சைதான்," என்றாள் நசீம் பானு.

"நான் செத்தா எனக்கும் ஒரு பச்சை போர்டு வெச்சிடு."

"உனக்கெல்லாம் சிவப்புதான்டா. வா."

நசீம் பானு பழவேற்காட்டுக்காரி. நாற்பத்தாறு வயது. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் அவளுடைய துப்பறியும் ஆபீஸ். பென்னி ஆறு வருஷமாக அவளிடம் வேலை பார்க்கிறான். வேலையைவிட வாய் கொஞ்சம் அதிகம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் சந்திரகலா உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன குணாவின் மனைவி. குணாவைக் கொன்றதாகச் சொல்லி ஜெயிலில் போட்டிருப்பது துளசிராமனை. அவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். கவரைப்பேட்டை பக்கத்தில் இருக்கும் புருஷன் வீட்டில், "கொலைகாரன் தங்கச்சிக்கு இங்க இன்னா வேலை?" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரக்கூடாதாம். டீக்கடைக்காரன்கூட அவளுக்கு டீயைக் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

கேஸ் இவ்வளவுதான். குணாவும் துளசிராமனும் இரும்பு காய்ச்சும் ஒரே ஃபர்னஸில் வேலை. இருபதாம் தேதி காலையில் டிரஸ் மாற்றும் ரூமில் இரண்டு பேருக்கும் கைகலப்பு. பத்து பேர் பார்த்திருக்கிறார்கள். மதியம் ஒன்று பத்துக்கு குணா பின்பக்கமாகச் சாய்ந்து, இரும்பு ஸ்டாண்டில் தலை மோதி விழுந்தான். பக்கத்தில் இருந்தது துளசிராமன் மட்டும். காலையில் என்ன சண்டை என்று போலீஸ் கேட்டார்கள். வக்கீல் கேட்டாள். தங்கை அழுது கேட்டாள். அவன் வாயே திறக்கவில்லை.

மில்காரர்களிடம் ஒரு சாட்சி இருந்தது. சூட்டில் வேலை செய்யும் எல்லோர் மணிக்கட்டிலும் அவர்கள் கட்டிவிடும், வாட்ச் மாதிரியான கறுப்புப் பட்டை. நெஞ்சு எத்தனை தடவை துடிக்கிறது, உடம்பு எவ்வளவு சூடாகிறது, எத்தனை எட்டு நடக்கிறான், எல்லாம் அதில் தெரியும். சூடு எல்லை தாண்டினால் பட்டையில் சிவப்பு எரிந்து கை அதிரும். ஆள் உடனே வெளியே வந்துவிட வேண்டும். குணாவின் பட்டை சிவக்கவே இல்லை. 'உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவன் தானாக விழ மாட்டான்' என்று மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நாளைக்குக் கோர்ட்டில் ஜாமீன் மனு. அந்தப் பேப்பர் நிற்கிற வரைக்கும் துளசிராமன் வெளியே வர முடியாது.

கேட்டில் செக்யூரிட்டி வக்கீல் லெட்டரை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான்.

"டிடெக்டிவா? இன்னா, சினிமா எடுக்குறீங்களா?"

"ஆமா நைனா. வில்லன் ரோலு காலியா இருக்கு. மூஞ்சி செட் ஆவுது," என்றான் பென்னி.

"வாய மூடு," என்றாள் பானு. அது யாருக்குச் சொன்னது என்று செக்யூரிட்டிக்குப் புரியவில்லை.

---

சேஃப்டி ஆபீசர் வெங்கடேசன் நாற்காலி போடவில்லை.

"பதினஞ்சு நிமிஷம். மேனேஜ்மென்ட் சொன்னதால உள்ள விட்டேன். எனக்கு இஷ்டமில்ல."

"எங்களுக்கும் இந்த சூட்டுல இஷ்டமில்ல சார். ஆனா வந்துட்டோம்," என்றான் பென்னி.

வெங்கடேசன் ஒல்லியாக, விறைப்பாக இருந்தார். காலில் ஓட்டக்காரர்களின் ஷூ. பின்னால் சுவரில் மாரத்தான் மெடல்கள் வரிசையாகத் தொங்கின. அவர் கையிலும் பட்டை இருந்தது. இந்த மில்லில் சூட்டுப் பக்கம் போகிற ஆபீசருக்கும் விலக்கு கிடையாது.

ரூமை ஒட்டியே ஃபர்னஸ் ஷெட். குணா விழுந்த இடத்தை முதலில் காட்டினார். கதவிலிருந்து அந்த இரும்பு ஸ்டாண்டு வரை பானு மனதுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்பது எட்டு. ஃபர்னஸ் வாயில் நின்ற மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் தரையில் எச்சில் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தான்.

ரூமுக்குத் திரும்பியதும் டேப்லெட்டைத் தள்ளினார்.

"பாருங்க. குணாவோட ரெக்கார்டு. துடிப்பு காலையில எழுவத்திரெண்டு. பத்து மணிக்கு எழுவது. மதியம் எழுவத்தொண்ணு. ஒண்ணு பன்னெண்டுக்கு கட். அவ்ளோதான்."

"ஃபர்னஸ் வாயில நின்னுக்கினு எழுவதா?" பென்னி வாயைப் பிளந்தான். "எங்க ஹவுஸ் ஓனர மாடிப்படில பாத்தாலே எனக்கு நூத்தி இருவது அடிக்குது."

"பழகின உடம்பு."

"நடந்தது ஒரு ஷிஃப்ட்டுக்கு ஆயிரத்தி எண்ணூறு ஸ்டெப்புதான்," என்றாள் பானு.

"சோம்பேறி. செத்தவனப் பத்தி சொல்லக்கூடாது. ஆனா சோம்பேறி."

"வெள்ளிக்கிழமை மட்டும் நாலாயிரம்."

"அன்னிக்கு வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்."

"எல்லா வெள்ளிக்கிழமையும்?"

வெங்கடேசன் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பானு விரலால் கோட்டைத் தள்ளிக்கொண்டே போனாள். பச்சைக் கோட்டுக்கு நடுவே சின்னச் சின்னச் சாம்பல் துண்டுகள். தினமும் இரண்டு. மதியம் பன்னிரண்டரையைத் தாண்டி ஒன்று, மூன்றரை வாக்கில் ஒன்று. நாலு நாலு நிமிஷம்.

"இந்த சாம்பல் கலரு?"

"வாட்ச்சு கையில இல்லன்னு அர்த்தம். பாத்ரூம் போவானுங்க."

"பாத்ரூம் போறதுக்கு வாட்ச்ச ஏன் சார் கழட்டணும்?" என்றான் பென்னி. "அதையும் எண்ணிடும்னு பயமா?"

"மிஸ்டர், வாய அடக்குங்க. அஞ்சு நிமிஷம் வரைக்கும் கழட்டலாம். அதத் தாண்டினா என் போன்ல அலாரம் அடிக்கும். இந்த சிஸ்டத்த எவனும் ஏமாத்த முடியாது. வாட்ச்சு வந்த முதல் மாசம் அம்பது சிவப்பு. நான் ஒரு ரூல் போட்டேன். மூணு சிவப்பு வந்தா ஃபிட் இல்லன்னு எழுதி ஆள அனுப்பிடுவேன். அதுக்கப்பறம் ஒண்ணுகூட வரல."

"கத்திரி வெயில்லயுமா?"

"கத்திரி வெயில்லயும்."

"குணாவுக்கு அந்த முதல் மாசத்துல எத்தனை?"

"ரெண்டு."

பானு தலையாட்டினாள். வெங்கடேசனின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய டி.வி. அதில் அறுபது பேர்கள், அறுபது பச்சைப் புள்ளிகள். எல்லாம் பச்சையாகவே இருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை போலிருந்தது. மேலே தூசி படிந்திருந்தது.

மூன்று முப்பத்தொன்று.

டி.வி.யில் மூன்று புள்ளிகள் சாம்பலாக மாறின. மூன்றும் ஒரே நொடியில்.

பானு பெயர்களைப் படித்தாள். ஜெகன், தானியேல், பாக்கியநாதன். மூன்றுக்கும் எதிரே 'ஃபர்னஸ்' என்று இருந்தது. கண்ணாடி வழியாக ஷெட்டைப் பார்த்தாள். அந்த மூன்று பேரும் கையில் நீளக் கம்பியோடு, முழங்கை வரை தோல் உறையோடு, ஃபர்னஸ் வாயிலேயே நின்றிருந்தார்கள். யாரும் எதையும் கழற்றவில்லை.

பானு டேப்லெட்டை மேஜையில் வைத்தாள்.

"லேடீஸ் பாத்ரூம் எங்க சார்?"

"கேட்டு பக்கத்துல ஒண்ணுதான் இருக்கு. சீக்கிரம் வாங்க."

"வரேன். பென்னி, சாரு பெரிய ஓட்டக்காரரு. நாலு வார்த்தை கேட்டுக்கோ. உன் தொப்பைக்கு நல்லது."

பென்னி அவள் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். தொப்பையைத் தடவிக்கொண்டே வெங்கடேசனுக்கு எதிரே மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான்.

---

வெளியே வந்ததும் பானு வேகமாக நடந்தாள். எண்ணிக்கொண்டே நடந்தாள்.

தினமும் மதியம் ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை. சும்மா கை கழுவுகிறவன் வாட்ச்சைக் கழற்ற மாட்டான். முழங்கை வரைக்கும் கழுவுகிறவன் கழற்றித்தான் ஆக வேண்டும். முகம், கை, தலை, கால். தொழுகைக்கு முன்னால் ஒளு செய்கிறவனுக்கு நாலு நிமிஷம் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவன் பள்ளிவாசல் வரைக்கும் நடக்கிறான். போக வர இரண்டாயிரம் எட்டு. குணா எந்தப் பள்ளிவாசலுக்கும் போனவன் இல்லை.

இந்த மில்லில் யாரோ ஒருத்தன் நாலு பேருடைய பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எங்கே? மில்லுக்குள் ஓடும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். அதில் ஒளு செய்ய முடியாது. நல்ல தண்ணீர் இரண்டே இடத்தில். ஒன்று கேன்டீன். இந்த நேரத்தில் அங்கே டீக்கு ஐம்பது பேர் நிற்பார்கள். இன்னொன்று வரும்போதே பார்த்திருந்தாள். லாரிகளை எடை போடும் மேடைக்குப் பின்னால், டிரைவர்கள் குடிக்கிற குழாய்.

முந்நூற்றுப் பத்தாவது எட்டில் குழாயடிக்கு வந்துவிட்டாள்.

முப்பது வயசு இருக்கும். மெலிந்த ஆள். முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, குனிந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரை ஈரம். குழாய்ச் சுவரில் மூன்று கறுப்புப் பட்டைகள் வரிசையாக இருந்தன.

பானு மூன்றையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி."

"வ அலைக்கு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன் சுவரைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான்.

"உன் பேரு இன்னா?"

"யாசர். இங்க எடை போடுற வேலை. நீங்க யாருக்கா? அதக் குடுங்க."

"மூணு கட்டிக்கினா மூணு டைம் காட்டுமா?"

"அக்கா, குடுங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா அலாரம் அடிச்சிடும். பேஜாராயிடும்."

"அடிக்கட்டும். அதுக்குத்தான் வெச்சிருக்கேன். தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கு. நாலு நிமிஷம் என்கூட பேசு. நான் குணா பொண்டாட்டி அனுப்பி வந்தவ."

குணா பெயரைக் கேட்டதும் யாசர் குழாயை மூடினான். மூடிய குழாயையே இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"யாரு கட்டிக்கச் சொன்னாங்க?"

"யாரும் கட்டாயப்படுத்தல. எனக்கு ஏசி கேபினு, உக்காந்த வேலை. என் கையில இருந்தா சிவக்காது. அவங்கள்லாம் புள்ள குட்டிக்காரங்க. மூணு சிவப்பு வந்தா அனுப்பிடுவாங்க. ஒரு ஒத்தாசைதான்கா. மத்தவங்களுக்கெல்லாம் பாவம் பாத்துதான்..."

"நாலு பேரு வாட்ச்சு இருந்துச்சு. இப்ப மூணு. நாலாவது குணாவோடது."

யாசர் சுருட்டிய சட்டைக்கையை இறக்கிவிட்டான்.

"அன்னிக்கு ஒண்ணு பன்னெண்டுக்கு அது கட்டாச்சு. உன் கையில இருந்ததுதானே? உனக்கு நெஞ்சு நிக்கலயே. அத யாரு கழட்டிக்கினு போனது?"

"எனக்கு வேலை போயிடும்கா."

"சரி, சொல்லாத. இங்கயே நில்லு. யாரு ஓடி வராங்கன்னு பாப்போம்."

---

அதே நேரம், சேஃப்டி ரூமில் பென்னி கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தான்.

"சும்மா உக்காந்திருக்கும்போது அம்பத்திநாலா? நெஞ்சு வேலை செய்யுதா சார், இல்ல லீவுல இருக்குதா?"

"அதுதான் ஃபிட்னெஸ்," வெங்கடேசனின் முகம் முதல் தடவையாக இளகியது. தன் பட்டையின் கோடுகளை டேப்லெட்டில் வரவழைத்தார். "தினமும் காலையில பத்து கிலோமீட்டர். இது பாருங்க, ஓடும்போது நூத்தி நாப்பதுக்கு மேல போகாது. கன்ட்ரோல்."

"அப்ப இந்த உச்சி? இது காலையில இல்லயே சார், மதியமால்ல இருக்கு."

"எது?"

"இந்தா, இங்க. கோபுரம் மாதிரி நிக்குதே. மதியத்துலயும் ஓடுவீங்களா? கத்திரியிலயா? எனக்கு இதப் போட்டோ எடுத்து பொண்டாட்டியாண்ட காட்டணும் சார். ஒரே ஒரு போட்டோ."

வெங்கடேசன் பார்த்தார். தேதியைப் பார்த்தார். டேப்லெட்டைக் கவிழ்த்தார். அதற்குள் பென்னியின் போன் சட்டைப் பைக்குள் திரும்பப் போய்விட்டது.

"வெளிய போடா."

"இப்பதான் 'ங்க' போட்டுக்கினு இருந்தீங்க..."

மேஜை மேல் இருந்த போன் அலறியது. மூன்று பெயர்கள். ஐந்து நிமிஷம் தாண்டிவிட்டது. வெங்கடேசன் பென்னியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்.

ஃபர்னஸ் ஷெட்டுக்குப் போகும் கதவு வலது கைப் பக்கம். அவர் இடது பக்கம் ஓடினார்.

---

முந்நூறு எட்டு ஓடி வந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. குழாயடியில் பானுவைப் பார்த்ததும்தான் வாங்கியது.

"இங்க என்ன பண்றீங்க? யாசர், உள்ள போ!"

"ஒரு நிமிஷம் சார்," பானு நகரவில்லை. "அலாரத்துல யார் பேரு வந்துச்சு?"

"அது உங்களுக்குத் தேவையில்ல."

"ஜெகன், தானியேல், பாக்கியநாதன். மூணு பேரும் ஃபர்னஸ்ல நிக்கிறாங்க. உங்க கதவுல இருந்து நாப்பது ஸ்டெப்பு. அவங்க வாட்ச்ச கழட்டிட்டாங்கன்னு அலாரம் அடிச்சா நீங்க அங்கதானே போவணும்? லாரி எடை போடுற எடத்துக்கு ஏன் ஓடி வந்தீங்க?"

வெங்கடேசன் ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்னா வாட்ச்சு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு மட்டுமில்ல. அன்னிக்கும் தெரியும்."

பின்னால் பென்னி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். குழாயில் வாய் வைத்து இரண்டு மடக்கு குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஓட்டக்காரர் பின்னாடி என்ன ஓட வெச்சிட்டியேக்கா... படிக்கிறேன் கேளு. இருவதாந் தேதி. ஒண்ணு பத்துல ஆரம்பிக்குது. ஒண்ணு பதினாலுக்கு முடியுது. அறநூத்தி அறுவது ஸ்டெப்பு. நெஞ்சு நூத்தி அறுவத்தெட்டு. சாரோட சொந்த வாட்ச்சு."

"போக முந்நூத்திப் பத்து. வர முந்நூத்திப் பத்து. அங்கிருந்து குணாவாண்ட நாப்பது," என்றாள் பானு. "நாப்பது ஸ்டெப்புல ஒரு ஆளு விழுந்து கெடக்கான். நீங்க அவன்கிட்ட போவல. இங்க ஓடி வந்து இவன் கையில இருந்து வாட்ச்ச உருவி ஆஃப் பண்ணிக்கினு போயி, விழுந்து கெடந்தவன் கையில மாட்டுனீங்க. ஆம்புலன்ஸுக்கு போன் போனது ஒண்ணு பதினேழு. அந்த பேப்பரு வக்கீலாண்ட இருக்கு. குணா சூட்டுல சுருண்டு விழுந்தான் சார். தண்ணி ஊத்தியிருந்தா, அப்பவே வண்டி கூப்பிட்டிருந்தா..."

"யாரு சொன்னா? இவனா?" வெங்கடேசன் யாசரின் சட்டையைப் பிடித்தார். "நீ எதனா சொன்னியா? இன்னிக்கே உன்ன வெளிய தள்ளிடுவேன். எந்த கம்பெனியிலயும் சேர விடமாட்டேன். சொல்லுடா, நான் இங்க வந்தேனா அன்னிக்கு?"

யாசர் அவர் கையைப் பார்த்தான். தன் ஈரக் கையால் அதை மெதுவாக விலக்கினான்.

"ஒளுவோட நிக்கிறேன் சார். பொய் வராது. வந்தீங்க. 'குணாவோடது எது'ன்னு கேட்டீங்க. 'விழுந்துட்டானா சார், உசுரு இருக்கா'ன்னு கேட்டேன். 'அத அப்பறம் பாக்கலாம்'னு சொன்னீங்க."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. எடை மேடையில் ஆள் இல்லை. டிரைவர் தெலுங்கில் திட்டினான்.

வெங்கடேசன் சட்டையைச் சரி செய்துகொண்டார். அவர் சிரித்ததுதான் பானுவுக்குப் பிடிக்கவில்லை.

"சரி. ஓடினேன். மாட்டுனேன். ஆனா காலையில அவன் கையில இருந்து கழட்டுனது நானா? கேளுங்க இவன. தெனமும் நாலு வாட்ச்சையும் கொண்டாந்து இங்க குடுக்குறது யாருன்னு கேளுங்க. கேஸ தோண்டணும்னு வந்தீங்க இல்ல? நல்லாத் தோண்டுங்க."

பானு யாசரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"யாரு தம்பி?"

"துளசியண்ணன்."

பென்னி போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"அன்னிக்குக் காலையில சண்டைன்னு சொன்னாங்களே. அது இதுக்குத்தான்கா," யாசர் மெதுவாகச் சொன்னான். "குணாண்ணன் அன்னிக்கு வாட்ச்ச குடுக்க மாட்டேன்னாரு. 'உடம்பு சரியில்ல மச்சான், இன்னிக்கு நானே கட்டிக்கிறேன்'னு சொல்லிக்கினு இருந்தாராம். 'இது மூணாவது சிவப்புடா மாப்ள, சாயங்காலமே ஊட்டுக்கு அனுப்பிடுவான், இன்னிக்கு ஒரு நாளு தாங்கு'ன்னு துளசியண்ணன் கையப் புடிச்சி முறுக்கி கழட்டிக்கினு வந்துட்டாரு. வேலை வாங்கிக் குடுத்ததே அவருதான். போயிடக் கூடாதுன்னு..."

"இத ஏன் அவன் போலீஸாண்ட சொல்லல? சொல்லியிருந்தா கொலை கேஸே இல்லயே."

"ஸ்டேஷன்ல போயி பாத்தேன். 'வாட்ச்சு என் கையில இருந்துச்சுன்னு நானே சொல்லிடறேண்ணா'ன்னேன். 'வாயத் தொறக்காத, மூணு பேரு பொழப்பு உன் கையில இருக்குது'ன்னாரு." யாசர் குழாய்ச் சுவரில் கையை ஊன்றினான். "அப்பறம் இன்னொண்ணும் சொன்னாரு. 'நான் கொன்னேன்னு ஊரே சொன்னாலும் தங்கச்சி கலா நம்ப மாட்டா. இதச் சொன்னா நம்பிடுவா.'"

பானு கைப்பையைத் திறந்து மூன்று பட்டைகளையும் பார்த்தாள். அவற்றின் அடியில் சின்னப் பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு கை கிடைக்குமா என்று தேடுவதுபோல.

"போயி தொழுதுட்டு வா," என்றாள். "நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கோர்ட்டு. நான் வந்து கூட்டிக்கினு போறேன்."

---

கேட்டைத் தாண்டும்போது செக்யூரிட்டி ஏதோ சொன்னான். பென்னி திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, பாதிய மட்டும் சொல்லலாம். வாட்ச்சு யாசர் கையில இருந்துச்சு, வெங்கடேசன் மாத்தி மாட்டுனான். அவ்ளோ போதும். கழட்டுனது யாருன்னு அந்தப் பொண்ணுக்கு எதுக்கு?"

"நாளைக்கு கோர்ட்டுல யாசர் சொல்லும்போது, பத்து பேரு நடுவுல உக்காந்து அவ கேக்கணுமா?"

ரோட்டைக் கடந்தார்கள். டீக்கடை பெஞ்சில் வைத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. சந்திரகலா எழுந்தாள்.

"இன்னா ஆச்சுக்கா? எங்கண்ணன் வந்துடுவானா?"

"வந்துடுவான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது. உக்காரு."

"நின்னுக்கினே கேக்குறேன்."

பானு சொன்னாள். எதையும் மழுப்பவில்லை, எதையும் கூட்டவில்லை. வெங்கடேசன் ஓடியதைச் சொன்னாள். யாசர் கையைச் சொன்னாள். கடைசியாக டிரஸ் மாற்றும் ரூமில் நடந்ததைச் சொன்னாள். நடுவில் இரண்டு கன்டெய்னர் லாரிகள் போயின. சத்தம் அடங்கும்வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொன்னாள்.

சந்திரகலா அழவில்லை. எதிரே இருந்த போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருநூற்றுப் பதினாலு.

"அன்னிக்கு ராவெல்லாம் அவருக்குக் காய்ச்சலுக்கா," என்றாள். "நாஷ்டா கூட எறங்கல. போவாதீங்கன்னு சொன்னேன். கேக்கல. அப்ப வாட்ச்சயாவது கையில கட்டிக்கினு வேலை செய்யுங்க, சிவப்பு வந்தா வரட்டும், வேலை போனா போவட்டும்னு சொன்னேன். என் தலை மேல அடிச்சி சத்தியம் வாங்குனேன். அதான் அவரு குடுக்க மாட்டேன்னிருக்காரு."

சந்திரகலா தன் மணிக்கட்டை ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள்.

"கைய முறுக்கியா கழட்டுனான்?"

"ஆமா."

"எங்கண்ணன்."

"ஆமாம்மா." பானு போனை எடுத்தாள். ஆனால் நம்பரை அழுத்தவில்லை. "வக்கீலாண்ட நான் இப்ப பேசணும். பேசுனா நாளைக்கு அவன் வெளிய வந்துடுவான். நீதான் இந்த கேஸ குடுத்தவ. நீ சொல்லு. இன்னா பண்ணட்டும்?"

டீக்கடைக்காரன் கிளாஸை எடுக்க வந்தான். அவர்கள் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு எடுக்காமலேயே திரும்பிப் போனான்.

"வெளிய எடுங்கக்கா," என்றாள் சந்திரகலா.

"நல்லா யோசிச்சிக்கினியா?"

"உள்ள இருந்தா கம்பிக்கு அந்தாண்ட நின்னு அழுவான். எல்லாரும் பாவம்பாங்க. நானும் பாவம்னு சொல்லிட்டு வரணும்." அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வெளிய வரட்டும். கம்பி இல்லாம என் மூஞ்சிக்கு எதிர்ல வந்து நிக்கட்டும். அப்ப கேக்குறேன்."

நசீம் பானு வக்கீலின் நம்பரை அழுத்தினாள்.